கதவைத் தட்டிய தாயார்

பள்ளியிலிருந்து திரும்பிய சிறுவன் புத்தகங்களை ஒரு மூலையில் போட்டுவிட்டு அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறான். சிறிது நேரத்தில் இசைத்தட்டு சுழலத் தொடங்குகிறது. சுவர் அதிர்கிறது, பக்கத்து வீட்டாரின் பொறுமையும் அதிர்கிறது. தாயார் வந்து கதவைத் தட்டுகிறார். சத்தத்தைக் குறைக்கிறாயா, அன்றி அடியோடு நிறுத்திவிடுகிறாயா என்று கேட்கிறார்.

இத்தகைய காட்சியைக் காணாத இல்லம் அரிது. நாம் இங்கே குறிப்பிடுவது நியூயார்க் மாநகரின் பிராங்க்ஸ் பகுதியில், 1975ஆம் ஆண்டு வாக்கில், ஓர் அடுக்குமாடி வீட்டில் நடந்தது. சிறுவனின் பெயர் தியோடோர் லிவிங்ஸ்டன். 1963ஆம் ஆண்டில் பிறந்தவன்; அப்போது வயது பன்னிரண்டு இருக்கலாம். தாயார் பேசுவதைக் கேட்பதற்காக அவன் சுழன்றுகொண்டிருந்த இசைத்தட்டின்மேல் கையை வைத்து அதை நிறுத்தினான். தாயாரின் அறிவுரை சற்று நீண்டுவிட்டது போலும். கை சும்மா இருக்கவில்லை. தட்டை முன்னும் பின்னும் மெல்ல அசைத்துக்கொண்டே இருந்தது. ஊசி பள்ளத்தில் உராய்ந்து எழுப்பிய விந்தையான ஓசை அவன் அணிந்திருந்த ஹெட்போனில் கேட்டது. தாயார் போனபின் அவன் அதையே மீண்டும் செய்து பார்த்தான். பல நாட்கள் பழகி, தாளத்துக்கு இசைய அவ்வோசையை எழுப்பக் கற்றுக்கொண்டான். உலகெங்கும் இசை மேடைகளில் இன்று ‘ஸ்கிராட்ச்’ என்று வழங்கும் உத்தி பிறந்த வரலாறு இதுவே.

வளரும் பருவத்துப் பிள்ளை ரேடியோவும் பாட்டுமே கதி என்று கிடக்கிறான். பள்ளி இறுதித் தேர்வோ நெருங்கிக்கொண்டிருக்கிறது. என்ன செய்வது என்று கலங்காத பெற்றோர் யார்? அந்தப் பெற்றோரை எண்ணியே இக்கட்டுரையை எழுத முற்பட்டோம். அறிவுரைகளை அடுக்கும் நோக்கம் நமக்கில்லை. அரை நூற்றாண்டுக்கு முன்னர் ஒரே நகரில், ஒருவருக்கொருவர் அதிகத் தொலைவில் இல்லாத சில வீடுகளில், இத்தகைய பிள்ளைகளைப் பெற்றோர் எவ்வாறு நடத்தினர், பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்பதைச் சொல்லலாம் என்றே எண்ணுகிறோம்.

முதலில் ஊரைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். பிராங்க்ஸ் என்பது நியூயார்க்கின் ஐந்து பெரும் பிரிவுகளுள் வடகோடியில் இருப்பது. 1948 முதல் 1972 வரை அதன் நடுவே ஒரு விரைவு நெடுஞ்சாலை வெட்டப்பட்டது. ராபர்ட் மோசஸ் என்ற அதிகாரியின் திட்டம் அது. மக்கள் நெருங்கி வாழ்ந்த தெருக்களை ஊடறுத்துச் சென்ற அச்சாலைக்காக ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீடிழந்தன. வசதியுள்ளோர் புறநகர்களுக்குக் குடிபெயர்ந்தனர். எஞ்சியோர் ஏழைகள், அவர்களோடு கரிபியன் தீவுகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்தோரும் சேர்ந்தனர். எழுபதுகளில் அங்கே கட்டடங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தீக்கிரையாயின. 1975இல் மாநகராட்சியே கடனில் மூழ்கித் தத்தளித்தது; ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் வேலையிழந்தனர். பிள்ளைகளுக்குக் கைக்கெட்டிய இன்பம் எஞ்சியிருந்தது ஒன்றுதான். அது ரேடியோ.

வானொலியில் இசைத்தட்டுகளைத் தேர்ந்து ஒலிபரப்பி, இடையிடையே பேசி நேயர்களைக் கவர்பவரை ‘டிஸ்க் ஜாக்கி’ என்றும், சுருக்கமாக ‘டி.ஜே.’ என்றும் அந்நாட்டார் அழைத்தனர். எழுபதுகளின் நியூயார்க்கில் பிராங்கி குரோக்கர் என்பவரின் குரல் கறுப்பின மக்களின் இல்லங்களில் எல்லாம் ஒலித்தது. ஆனால் நாம் சொல்லவந்த பிள்ளைகளின் டி.ஜே. வேறு வகை. நம் ஊர்த் திருவிழாக்களுக்கும் கலியாணங்களுக்கும் முன்னாளில் ‘ரேடியோ செட்’ கட்டியவரை மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். பந்தலின் ஓரத்தில் ஒரு மேசை, பெட்டி நிறைய இசைத்தட்டுகள், மரத்தின் உச்சியில் குழாய் ஒலிபெருக்கி. எந்தப் பாட்டை எப்போது போட்டால் கூட்டம் நிமிர்ந்து உட்காரும் என்பதை அவர் அறிவார். அவரிடமிருந்து இசைத்தட்டைப் பறித்து நாமே ஒருமுறை போட்டுப் பார்க்கமாட்டோமா என்று ஏங்கிய சிறுவர் எத்தனை பேர்! அவருக்கு உறவினர் எனத்தக்கவரே பிராங்க்ஸ் டி.ஜே.

அந்த உறவின் வேர் ஜமைக்காத் தீவில் இருக்கிறது. இரவு வேளையில் தொலைதூர மத்திய அலை நிலையங்கள் தெளிவாகக் கேட்பதை வானொலிப் பெட்டியோடு வளர்ந்தவர் யாவரும் அறிவர். பகலில் அலைகளை விழுங்கும் வான் அடுக்கு ஒன்று கதிரவன் மறைந்தபின் கலைந்துவிடுகிறது; அதற்கும் மேலுள்ள மின்னேற்ற அடுக்கு அலைகளைப் பூமிக்குத் திருப்பி அனுப்புகிறது. இவ்வாறே மயாமியிலிருந்தும் நியூ ஆர்லியன்சிலிருந்தும் அமெரிக்கப் பாடல்கள் கடலைக் கடந்து கிங்ஸ்டன் நகரின் வீடுகளுக்கு வந்து சேர்ந்தன. அவற்றில் மயங்கிய ஜமைக்கர் பெரும் ஒலிபெருக்கிகளைத் தெருவில் அடுக்கி இசைத்தட்டுகளைப் போட்டு ஆடினர். அமெரிக்க அறிவிப்பாளரின் துள்ளல் பேச்சைப் பின்பற்றிப் பாட்டின் மேலேயே தாமும் பேசினர்.

இச்சூழலில் கிங்ஸ்டன் நகரில் 1955 ஏப்ரல் 16 அன்று பிறந்தவர் கிளைவ் கேம்பெல். 1967 நவம்பரில் பிராங்க்ஸுக்கு வந்தார். உடல் வலிமை கண்டு உடன்படித்தோர் ‘ஹெர்குலிஸ்’ என்றழைக்க, அது சுருங்கிக் ‘கூல் ஹெர்க்’ ஆயிற்று. அவருடைய தந்தையார் ஓர் ஒலிபெருக்கித் தொகுதியை வாங்கி வைத்திருந்தார். அதை முழு ஆற்றலோடு ஒலிக்கச் செய்யும் வழி மட்டும் அவருக்குப் புலப்படவில்லை. மகன் மின்கம்பிகளை வேறு விதமாக இணைத்துப் பார்த்தான். வீடே அதிரும்படி ஒலித்தது. தம் பொருளைத் தொட்டான் என்று சினங்கொள்ள அத்தந்தைக்கு எல்லா உரிமையும் இருந்தது. அவரோ மகனின் திறமையை மதித்து, தொகுதியை அவனும் பயன்படுத்த இசைந்தார்.

1973 கோடை விடுமுறை முடியும் தறுவாயில் ஹெர்க்கின் தங்கை சின்டிக்குப் பள்ளிக்கு அணிந்து செல்லப் புத்தாடை தேவைப்பட்டது. பெற்றோரிடம் கேட்டு நச்சரிக்காமல் அப்பெண் ஒரு வழி கண்டாள். அவர்கள் குடியிருந்த செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் கட்டடத்தின் பொதுக்கூடத்தை 25 டாலர் வாடகைக்கு எடுத்தாள். சிறு அட்டைகளில் கையால் அழைப்பு எழுதி வழங்கினாள். நுழைவுக் கட்டணம் பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட். ஆகஸ்டு 11 அன்று இரவு 9 மணிக்குத் தொடங்கிய அவ்விருந்தில் பாட்டுப் போட்டவர் 18 வயது அண்ணன். ‘ஹிப் ஹாப்’ என்ற இசை மரபின் பிறந்தநாளாக இன்று கொண்டாடப்படுவது அந்த நாளே. தங்கையின் புத்தாடைக்காக நடந்த விருந்து என்பதை மட்டும் பலர் மறந்துவிடுகின்றனர்.

ஆடுவோரைக் கூர்ந்து கவனித்த ஹெர்க் ஓர் உண்மையைக் கண்டார். பாடல் முழுவதையும் அவர்கள் ஒரே ஊக்கத்தோடு ஆடுவதில்லை. பாடகரும் மற்ற வாத்தியங்களும் ஓய்ந்து முரசும் தாளமும் மட்டும் ஒலிக்கும் சில நொடிகளுக்காகவே பலர் காத்திருந்தனர். அப்பகுதி வந்ததும் துள்ளி எழுந்தனர், முடிந்ததும் ஒதுங்கினர். எனவே ஹெர்க் ஒரே இசைத்தட்டில் இரண்டு படிகளை வாங்கி இரண்டு ரெக்கார்டு பிளேயர்களில் வைத்தார். ஒன்றில் தாளப் பகுதி முடியும்போது மற்றதில் அதே பகுதியைத் தொடங்கினார். சில நொடிகள் பல நிமிடங்களாக நீண்டன. தாம் பயன்படுத்தும் இசைத்தட்டுகள் எவையென மற்றோர் அறியாதிருக்க, அவற்றின் நடுவில் ஒட்டிய பெயர்த்தாளைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்துவிடுவாராம். பலகாரத்தின் பக்குவத்தைச் சொல்லாமல் மறைக்கும் சமையற்காரரை நாம் அறிவோம் அல்லவா!

ஆயினும் ஹெர்க்கின் முறையில் ஒரு குறை இருந்தது. ஊசியை ஏறக்குறைய ஓரிடத்தில் வைப்பார். தாளம் சில சமயம் பொருந்தும், சில சமயம் தடுமாறும். அக்குறையைக் கண்டு உறக்கமிழந்தவன் மற்றொரு பிள்ளை. அவனைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம்.

ஜோசப் சாட்லர் 1958 ஜனவரி முதல் நாளில் பார்படோஸ் தீவின் பிரிட்ஜ்டவுன் நகரில் பிறந்தவன். குடும்பம் பிராங்க்ஸில் குடியேறியது. தந்தைக்கு இசைத்தட்டுகள்மேல் பெரும் பற்று. அலமாரி நிறையச் சேர்த்து வைத்திருந்தார். ஆனால் பிள்ளைகள் அவற்றைத் தொடலாகாது என்பது அவர் கட்டளை. ஜோசப் தொட்டான். தந்தை அடித்தார். மீண்டும் தொட்டான், மீண்டும் கடுமையாக அடி வாங்கினான். அந்த அடிகளால் இசையின்மேல் இருந்த நாட்டம் குறைந்ததாகத் தெரியவில்லை. தந்தையின்மேல் இருந்த அச்சமே கூடியது.

அவனிடம் வேறொரு வழக்கமும் இருந்தது. வீட்டிலுள்ள எந்தக் கருவியும் அவன் கைக்குத் தப்பவில்லை. வானொலிப் பெட்டி, தலைமுடி உலர்த்தும் கருவி என எதையும் திருகாணி கழற்றி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பான். திரும்பப் பூட்டும் திறமை அப்போது கைவரவில்லை. இவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கலங்கிய தாயார் ஒரு முடிவு செய்தார். கழற்றுவதில்தானே ஆசை, அதையே முறையாகக் கற்றுக்கொள்ளட்டும் என்று சாமுவேல் காம்பர்ஸ் தொழிற்கல்வி உயர்நிலைப் பள்ளியில் மின்னணுவியல் பயிலச் சேர்த்துவிட்டார். துணி தைத்துப் பிழைத்த தாய் அவர். உயர்ந்த படிப்புக்கு அனுப்ப வசதியில்லாத வீட்டில், பிள்ளையின் குறும்பைப் பார்த்து அவனுக்குரிய பள்ளியைத் தேர்ந்த அறிவை நாம் மிகவும் மதிக்கிறோம்.

பள்ளியில் மின்தடை, மின்தேக்கி, ஆம்ப்ளிஃபயர் ஆகியவற்றின் இயல்பைக் கற்றான். பள்ளி முடிந்ததும் குப்பைமேடுகளிலும், தெருவோரம் கைவிடப்பட்ட கார்களிலும் ஒலிபெருக்கிகளையும் உதிரிப் பாகங்களையும் தேடிச் சேர்த்தான். கற்ற பாடமும் பொறுக்கிய பொருளும் அவன் அறையில் ஒன்று கூடின.

அவன் தீர்க்க முயன்ற சிக்கலை வாசகர்கள் சற்றுப் பொறுமையோடு கேட்கவேண்டும். நீண்ட இசைத்தட்டு நிமிடத்துக்கு 33⅓ முறை சுழல்கிறது. ஆக ஒரு சுற்றுக்கு 1.8 நொடி. தாளப் பகுதி 10 நொடி நீடித்தால், அது முடிவதற்குள் தட்டு ஐந்தரைச் சுற்றுக்குச் சற்று மேலாகச் சுழன்றிருக்கும். அப்பகுதியின் தொடக்கத்துக்குத் திரும்ப ஊசியை எடுத்து வைக்க வேண்டியதில்லை. தட்டையே அத்தனை சுற்றுப் பின்னோக்கிச் சுழற்றினால் போதும். ஆனால் எத்தனை சுற்று ஆயிற்று என்று எப்படிக் கண்டறிவது? ஜோசப் இசைத்தட்டின் நடுவிலுள்ள தாளில் மெழுகு வண்ணக்கோலால் ஒரு கோடு இழுத்தான். கடிகார முள்ளைப் போல் அக்கோடு சுற்றிவருவதைக் கண்ணால் எண்ணினான். சின்னஞ்சிறு கணக்குத்தான். பரம்பரையாகக் கச்சேரி செய்தோர் எவருக்கும் அது தேவைப்படவில்லை, இவனுக்குத் தேவைப்பட்டது.

அடுத்து, தட்டைக் கையால் பின்னிழுக்கும்போது அடியிலுள்ள சுழல்தட்டும் நின்றுவிடக் கூடாது. அதன்மேல் விரித்திருந்த ரப்பர் விரிப்பு தட்டை இறுகப் பற்றிக்கொண்டது. தையற்காரியின் மகனுக்குத் துணி வகைகள் தெரியும். ஃபெல்ட் என்னும் கம்பளித் துணியை வாங்கி வந்து வட்டமாக வெட்டினான். தாயாரின் கஞ்சிப்பசையைத் தெளித்து, தாயாரின் இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து, அப்பளம் போல் விறைக்கச் செய்தான். ரப்பரை நீக்கி இதை விரித்தபோது மேலே தட்டு நின்றது. கீழே சுழல்தட்டு தடையின்றிச் சுழன்றது. இன்று கடைகளில் விற்கும் ‘ஸ்லிப்மேட்’ இதன் வழித்தோன்றலே.

மூன்றாவது சிக்கலுக்குப் பள்ளிப் படிப்பு நேரடியாகக் கைகொடுத்தது. ஒரு தட்டு கூட்டத்துக்கு ஒலித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த தட்டைத் தான் மட்டும் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். வானொலி நிலையங்களில் அதற்குரிய விலையுயர்ந்த கருவிகள் உண்டு. இவன் ஒரு சிறு சுவிட்சையும் ஆம்ப்ளிஃபயரையும் இணைத்து, ஹெட்போனில் இந்தத் தட்டையோ அந்தத் தட்டையோ எட்டிப் பார்க்கும் அமைப்பைத் தானே செய்துகொண்டான். தேர்வுத் தாளில் மதிப்பெண் பெற மட்டும் கற்ற பாடமாயிருந்தால், இந்தச் சுவிட்ச் அவன் கைக்கு வந்திருக்குமா என்பது நமக்கு ஐயமே.

எல்லாம் ஆயத்தமாயிற்று. 20 வயது நிரம்பாத அவ்விளைஞன் தன் கண்டுபிடிப்பைப் பொதுமக்கள் முன்னிலையில் முதன்முறை செய்து காட்டினான். தாளங்கள் ஒரு மயிரிழையும் பிசகாமல் ஒன்றோடொன்று சேர்ந்தன. ஆனால் எவரும் ஆடவில்லை. வித்தை காட்டுபவனைப் பார்ப்பது போல் வாய்திறவாமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆரவாரத்தை எதிர்பார்த்தவனுக்கு அமைதியே கிடைத்தது. வீட்டுக்கு வந்து அழுததாகப் பின்னாளில் அவரே கூறியிருக்கிறார். பலநாள் உழைப்பு ஒரே மாலையில் வீணானதாகத் தோன்றும்போது பெரியோர்க்கே தாங்கமுடிவதில்லை. பிள்ளைக்கு எப்படி இருந்திருக்கும்!

இதன்பின் அவர் ஒன்றைப் புரிந்துகொண்டார். கைகளின் திறமை மட்டும் கூட்டத்தை ஆட்டாது. பேசி அழைக்க ஒரு குரல் வேண்டும். ‘கவ்பாய்’ எனப்பட்ட கீத் விக்கின்ஸ், பின்னர் மெல்வின் குளோவர், நத்தானியேல் குளோவர் என்னும் சகோதரர் ஆகியோர் வந்து சேர்ந்தனர். தாளத்துக்கு இசைய எதுகை மோனையோடு பேசும் ‘ராப்’ இவ்விதம் வளர்ந்தது. ஜோசப் சாட்லரை உலகம் ‘கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ்’ என்ற பெயரால் அறிந்தது. கதவைத் தட்டிய தாயாரின் மகன் தியோடோர், ஃப்ளாஷோடு கூட்டாகப் பாட்டுப் போட்டுவந்த ஜீன் என்பவரின் தம்பியே. வீட்டில் அடுக்கியிருந்த கருவிகளில் பழகித்தான் அவன் அவ்வோசையைக் கண்டான்.

இக்கதையில் கறையே இல்லை என்று சொல்ல நாம் முன்வரமாட்டோம். 1977 ஜூலை 13 இரவு நியூயார்க்கின் பெரும்பகுதியில் மின்சாரம் நின்றது. இருளில் கடைகள் சூறையாடப்பட்டன. அதற்கு முன் விரல்விட்டு எண்ணத்தக்கனவாயிருந்த இசைக்குழுக்கள் அதன்பின் பெருகியதற்கு அன்று களவுபோன ஒலிக்கருவிகளும் ஒரு காரணம் என்று அவர்களுள் சிலரே ஒப்புக்கொண்டுள்ளனர். அதே ஆண்டில் ஒரு விருந்தில் மூண்ட சச்சரவை விலக்கப் போன ஹெர்க் கத்திக்குத்துக்கு ஆளானார். அதன்பின் மேடையிலிருந்து பெரிதும் ஒதுங்கினார். எண்பதுகளில் போதைப்பொருள் அத்தெருக்களில் புகுந்தபோது இசைக்கலைஞர்களும் தப்பவில்லை. கவ்பாய் 1989இல் 28ஆம் வயதில் மாண்டார். ஃப்ளாஷ் தாமும் கொக்கெயினுக்கு அடிமையாயிருந்த நாட்களை 2008இல் வெளியிட்ட தன்வரலாற்றில் மறைக்காமல் எழுதியுள்ளார். இசை அவர்களைக் கெடுத்தது என்று சொல்வது எளிது. ஆனால் அதே தெருக்களில் இசையின் பக்கமே போகாத எத்தனையோ இளைஞரும் அதே நஞ்சால் அழிந்தனர் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். கையில் திடீரெனப் பணமும், முதுகில் தட்டிக்கொடுக்க முன்பின் அறியாதவரும், இரவெல்லாம் விழித்திருக்கும் தொழிலும் ஒன்று சேர்ந்தால் ஆபத்து மிகுதி என்பதே நம் கருத்து.

இன்னொரு வீட்டையும் பார்த்துவிடுவோம். நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் தாத்தா பாட்டியின் வீட்டில் வளர்ந்தவன் ஜேம்ஸ் டாட் ஸ்மித். 1968 ஜனவரி 14இல் பிறந்தவன். அவனுக்கு நான்கு வயதாயிருந்தபோது தந்தையே தாயாரையும் தாத்தாவையும் துப்பாக்கியால் சுட்டார். இருவரும் உயிர் பிழைத்தனர். அந்தக் காட்சியை நெஞ்சில் சுமந்த சிறுவனுக்கு ஆறுதலாக வாய்த்தது ராப் இசை. தாத்தா ஒரு ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர். பேரனின் இசை தம் இசையைப் போன்றதன்று என்று அவர் ஒதுக்கியிருக்கலாம். மாறாக, ஏறக்குறைய 2000 டாலர் பெறுமான ரெக்கார்டு பிளேயர்களையும் மற்றக் கருவிகளையும் அவனுக்கு வாங்கிக்கொடுத்தார். தெருவுக்குப் போக வேண்டிய அவசியமே இல்லாதபடி வீட்டிற்குள்ளேயே அவன் உலகம் அமைந்தது.

பையன் தன் பாட்டை ஒலிநாடாவில் பதிந்து இசைத்தட்டு நிறுவனங்களுக்கு அனுப்பிக்கொண்டேயிருந்தான். நியூயார்க் பல்கலைக்கழக விடுதி அறையிலிருந்தபடியே ஒரு சிறு நிறுவனத்தை நடத்திவந்த ரிக் ரூபின் என்ற மாணவரின் கைக்கு ஒரு நாடா கிட்டியது. 1984இல், 16ஆம் வயதில், ‘எல்எல் கூல் ஜே’ என்ற பெயரில் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. ஒரு லட்சத்துக்கும் மேல் விற்றது. முழு இசைத்தொகுப்பைப் பதிவு செய்வதற்காக அவன் உயர்நிலைப் பள்ளியை விட்டு நின்றுவிட்டான். 1985 நவம்பரில் வெளியான அத்தொகுப்பின் பெயர் ‘ரேடியோ’. அட்டையில் அச்சிட்டிருந்த படமும் ஒரு பெரிய ஒலிநாடா ரேடியோவே.

பள்ளியை விட்டதால் அவர் கெட்டுப்போகவில்லை. நடிகராகவும் புகழ்பெற்றார், 2017இல் வாஷிங்டனின் கென்னடி மையம் வழங்கும் பெருமையைப் பெற்ற முதல் ராப் கலைஞர் அவரே. இதை மறைத்து எழுதினால் நாம் வாசகர்களை ஏமாற்றியவர்கள் ஆவோம். ஆனால் இந்த உதாரணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வாதிடும் பிள்ளைக்கு நாம் ஒன்று சொல்வோம். பள்ளியை விட்டபோது அவர் கையில் விற்பனையான ஓர் இசைத்தட்டு இருந்தது; நிறுவனம் இருந்தது; பின்னால் அவரை நம்பிப் பொருள் செலவிட்ட தாத்தா இருந்தார். வெறும் ஆசையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அவர் பள்ளி வாசலைத் தாண்டவில்லை. அவ்விதம் தாண்டியவர்களின் பெயர்களை எந்த நூலும் எழுதி வைக்கவில்லை.

கதவைத் தட்டிய தாயாரின் பக்கமும் நியாயம் உண்டு. காது ஒருமுறை கெட்டால் திரும்புவதில்லை. உள்காதில் ஒலியை உணரும் நுண்ணிய மயிரணுக்கள் மனிதர்க்கு மறுபடி முளைப்பதில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம்; 90 டெசிபல் ஆனால் 4 மணி நேரமே. உலகில் 100 கோடிக்கும் மேற்பட்ட இளையோர் இத்தகைய பழக்கத்தால் செவித்திறனை இழக்கும் அபாயத்தில் உள்ளனர் என்றும் அந்நிறுவனம் எச்சரிக்கிறது. முன்னாளில் சுவர் அதிர்ந்தது, தாய்க்குத் தெரிந்தது. இப்போது காதுக்குள்ளேயே சிறு கருவி புகுந்துவிட்டதால் வீடு அமைதியாயிருக்கிறது. எவரும் கதவைத் தட்டுவதில்லை. பிள்ளை என்ன கேட்கிறான், எத்தனை உரக்கக் கேட்கிறான் என்பது வீட்டாருக்குத் தெரியாமலே போகிறது. அடுத்த அறையிலிருந்து கேட்ட இரைச்சலையே நாம் விரும்புவோம் போலிருக்கிறது!

ஃப்ளாஷின் குழுவினரின் பெயரில் 1982இல் ஓர் இசைத்தட்டு வந்தது. ‘தி மெசேஜ்’ என்பது அதன் பெயர். ஏழைத் தெருவின் இடிபாட்டையும் நெருக்கடியையும் உள்ளபடி சொன்ன பாட்டு அது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2002இல் நாட்டின் ஒலிப்பதிவுச் செல்வங்களெனப் பாதுகாக்க முதன்முதல் தேர்ந்த 50 பதிவுகளுள் அதுவும் ஒன்று. வேடிக்கை யாதெனில், அப்பதிவில் ஃப்ளாஷின் கைவண்ணம் இல்லை. பாட்டில் பெரும்பகுதி மெல்வின் குளோவரும் எட் ஃப்ளெச்சர் என்பவரும் ஆக்கியது. அவருடைய கைத்திறன் முழுதும் விளங்குவது அதற்கு முந்திய ஆண்டில் மூன்று ரெக்கார்டு பிளேயர்களைக் கொண்டு அவர் தனியே அமைத்த பதிவில்தான்.

ஹெர்க் இசைத்தட்டு வெளியிட்டுப் பொருள் ஈட்டியவர் அல்லர். செட்ஜ்விக் அவென்யூ கட்டடத்தை ஹிப் ஹாப் பிறந்த இடமென்று நியூயார்க் மாநிலம் 2007இல் ஏற்றுக்கொண்டது. அக்காலத்தில் அங்கே குறைந்த வாடகைக்குக் குடியிருந்தோர் வெளியேற்றப்படுவார்களோ என்ற அச்சம் எழுந்தபோது அவர்களுக்காகக் குரல் கொடுத்தவர்களுள் ஹெர்க்கும் ஒருவர்.

2019இல் ஸ்வீடன் நாட்டின் ‘போலார்’ இசைப் பரிசு கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷுக்கு வழங்கப்பட்டது. அரசர் பதினாறாம் கார்ல் குஸ்தாஃப் வழங்கும் பரிசு அது. தந்தையின் இசைத்தட்டைத் தொட்டதற்காக அடி வாங்கியவருக்கு அப்போது வயது 61. அதே ஆண்டில் அதே பரிசைப் பெற்ற மற்றொருவர் ஜெர்மானிய வயலின் மேதை அன்னே-சோஃபி முட்டர். அவர் பிறந்ததும் 1963ஆம் ஆண்டில்தான். கதவுக்கு உட்புறம் இசைத்தட்டைக் கையால் நிறுத்திய தியோடோருக்கு ஒத்த வயதினர். பதின்மூன்று வயதில் காரயான் என்னும் பெரும் இசைநடத்துநரின் அழைப்பைப் பெற்ற அப்பெண்ணுக்கு, வயலினில் முழுக் கருத்தையும் செலுத்தட்டும் என்று, வகுப்புக்கு வருவதிலிருந்தே விலக்கு அளித்திருந்தார்கள்.